வெக்ஸ்போர்ட்டில் எல்லாக் கைகளும் உயர்ந்தன

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மொன்றியல் பஸ் நிலையத்தில் ஏறினேன். ரொறன்ரோ ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். ஊரில் போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் பேக்கரியில் மாவைப் பிசைந்துகொண்டு, ரேடியோவை மூடிவைத்துவிட்டு இருந்தேன். பயணம் போகிற மனநிலை எனக்குத் துளிகூட இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஒப்புக்கொண்டது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு தெருவும் ஒரு கோயிலும் உள்ள ஊருக்குக்கூடக் கனடாவில் ஒரு சங்கம் இருக்கிறது. அப்படிப் பல சங்கங்களுக்கு மேலே ஓர் ஒன்றியமும் இருக்கிறது. நொச்சித்தாழ்வு என்ற ஊரின் ரொறன்ரோச் சங்கம் பல வருடங்களுக்கு முன்னர் தன் தேர்தலில் கீழ்க்கரைக் குடும்பங்களை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பியது. சந்தா புதுப்பிக்கவில்லை என்பது சொன்ன காரணம். சாதி என்பது சொல்லாத காரணம். அதன்பிறகு ஒன்றியம் ஒரு விதி போட்டது. அந்தச் சங்கம் தேர்தல் திகதியையோ இடத்தையோ அங்கத்தவர் பட்டியலையோ மாற்றுவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தேர்தலன்று வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது சங்கம் அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்கிறது. பொதுக்கூட்டம் சம்மதித்து, பார்க்க வந்தவரும் சரியென்று எழுதிக் கொடுத்தால் விலக்குக் கிடைக்கும். இந்த முறை பார்க்கப் போகிறவன் நான். நொச்சித்தாழ்வில் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. அதுதான் என் தகுதி.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் வந்தார். கணினி படிக்கிறாராம். எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "ஒரு ஊர்ச் சங்கத்துக்கு இவ்வளவு பந்தோபஸ்தா சார்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கிங்ஸ்ரனில் பஸ் நின்றபோது எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்தார். நல்ல பிள்ளை.

பிற்பகல் இரண்டு மணிக்கு ரொறன்ரோ. நிலக்கீழ் ரயிலுக்கு இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். கெனடி நிலையத்தில் இறங்கி, ஸ்காபரோவுக்குப் போகும் அந்தக் குட்டி ரயிலில் ஏறினேன். மொன்றியலில் தமிழ் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். இங்கே திரும்பினால் கழுத்துத்தான் நோகும். ஆனால் அன்றைக்கு ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்று கத்திய தொண்டைகள். மக்கவன் நிலையத்தில் சங்கத் தலைவர் சிவஞானம் அண்ணை தன் வான் வண்டியோடு காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் இன்னும் வேலைக்குப் போகிறார்.

"தம்பி, களைச்சுப் போனியள் போல. வாங்கோ, மனுசி புட்டு அவிச்சு வச்சிருக்கிறா."

மல்வேர்னில் அவருடைய வீடு வரிசை வீடுகளில் ஒன்று. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மிளகாயும். உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டு வெகுநாள். அவருடைய மனைவி மேலும் மேலும் போட்டார். சுவரில் ஒரு பெடியனின் படம், புதிதாய் மாட்டிய மாலையோடு. அண்ணையின் பெறாமகன், கூடப்பிறந்தவரின் பிள்ளை, போரின் கடைசி வாரத்தில் முள்ளிவாய்க்காலில் போனவன். படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சுத் தம்பி. இனி மேல்கரை, கீழ்க்கரை எண்டு என்ன கிடக்கு? செல் குண்டு விழேக்க கரை பாத்தே விழுந்தது? பத்து வருசமா ஒரு முறைப்பாடு இல்லை. இன்னும் எங்களைக் கள்ளரைப் போலக் காவல் காக்கினம். எனக்கு அது வெக்கமாக் கிடக்கு."

அவர் நடிக்கவில்லை. அந்த வெட்கம் மெய்யானது. கீழே நிலவறையில் பாய் விரித்துப் படுத்தபோது, சரியென்று எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் ஒரு தொல்லை குறையும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை பத்தரைக்கு வெக்ஸ்போர்ட் வந்து சேர்ந்தோம். வாடகைக்கு எடுத்த மண்டபம், லோறன்ஸ் வீதியோரம். ஒரு பக்கம் அரபுக்காரரின் இனிப்புக்கடை, மறுபக்கம் எங்கள் ஆட்களின் நகைக்கடை. உள்ளே நூறு பேர் வரை இருப்பார்கள். மேல்கரைக்காரர் முன்னாலும் நடுவிலும். கதவடியில் கடைசி வரிசையில் கீழ்க்கரையின் நான்கு குடும்பங்கள். அவர்களை அங்கே இருங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை. வந்தார்கள், இருந்தார்கள்.

எழுந்து நின்று மௌனம் காத்தோம். சிலர் விம்மினார்கள். அந்த நேரத்தில் மண்டபத்தில் முன்னும் பின்னும் இல்லை. அதை நான் எழுதாவிட்டால் பொய்.

பிறகு நிர்வாகசபைத் தெரிவு. இந்த முறை அந்தச் சபைக்கு வேலை கனம். வவுனியா முகாம்களில் நொச்சித்தாழ்வுக் குடும்பங்கள் ஏராளமாக அடைபட்டுக் கிடந்தன. யாருக்கு முதலில் உதவி போகும், யாரை வெளியே எடுக்க முயல்வது என்பதை முடிவெடுக்கப்போவது அந்தச் சபையின் ஏழு பேர்.

எங்கள் சங்கங்களில் தெரிவு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் எழுந்து பெயர் சொல்வார். இன்னொருவர் ஆமோதிப்பார். கை உயர்த்துங்கோ என்பார்கள். "ஏகமனதாக" என்று செயலாளர் எழுதுவார். போட்டி வந்தால் அது ஊருக்கே அவமானம். யார் பெயரை யார் சொல்வது என்பது முதல்நாளே யாராவது ஒருவர் வீட்டுக் குசினியில் முடிந்திருக்கும்.

ஏழு பெயரும் அப்படியே வந்தன. போன இரண்டு சபையிலும் கீழ்க்கரையிலிருந்து யோகேஸ்வரி என்று ஒரு பெண் இருந்தார் என்பது எனக்கு முன்பே தெரியும். நாற்பது வயதிருக்கும். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயரை இந்த முறை ஒருவரும் சொல்லவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது விலக்கு. சிவஞானம் அண்ணை இரண்டு வசனம்தான் பேசினார். "சம்மதமானவை கை உயர்த்துங்கோ." முன்வரிசை உயர்ந்தது, நடு உயர்ந்தது. எண்ணுவதற்கென்று இரண்டு இளைஞர்கள் பின்சுவரோரம் நின்றார்கள். நான் யோகேஸ்வரியைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. அரைவாசி திரும்பிச் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். நான்கு குடும்பமும் உயர்த்தியது.

"பாத்தியளே தம்பி?" என்றார் அண்ணை, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்கும்போது. அவருடைய கண் கலங்கியிருந்தது. பார்த்தேன் அண்ணை என்றேன்.

என்னைப் பஸ் நிலையத்தில் விடுவதற்கு மூன்று பேர் முண்டியடித்தார்கள். கூட்டம் முடிந்தபின் யாருடைய வாகனத்திலும் ஏறுவதில்லை என்பது நானாக வைத்துக்கொண்ட ஒழுங்கு. லோறன்ஸ் வீதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு தரிப்பு கழித்து யோகேஸ்வரி ஏறினார். என்னைக் கண்டதும் தயங்கி, பின்னால் இருந்த இருக்கையில் அமர்ந்தார். பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள்தானே மொன்றியலால வந்தது?"

"ஓம். வீட்டையோ போறியள்?"

"இல்லை, வேலைக்கு. முதியோர் இல்லத்தில லோன்ரி, உடுப்புத் தோய்க்கிறது. மூண்டு மணிக்கு சிவ்ற் தொடங்குது."

நான் சுற்றிவளைக்கவில்லை. விலக்குக் கொடுக்கலாம் என்று அவருக்கும் படுகிறதா என்று கேட்டேன்.

"கை உயர்த்தினனான்தானே."

"அதாலதான் கேக்கிறன்."

"என்ர தம்பியும் பெண்சாதியும் ரெண்டு பிள்ளையளும் முகாமில. அவையின்ர பேர் எத்தினையாவதா வரும் எண்டு இனி அந்த ஏழு பேர்தான் சொல்லப்போகினம். நான் கையை மடியில வச்சுக்கொண்டு இருந்தா, பின்னுக்கு நிண்ட பெடியள் காணமாட்டினமோ?"

"அப்ப விலக்குக் குடுக்கக்கூடாது எண்டு எழுதட்டோ?"

"எழுதினா, எங்களில ஆரோ தூண்டிவிட்டதெண்டு தேடுவினம். வந்தது நாலு வீடு. தேடக் கனநேரம் எடாது."

"அப்ப விட்டிடட்டோ?"

"விட்டா, அடுத்த முறை கை உயர்த்தக்கூட எங்களைக் கூப்பிடமாட்டினம்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவர்மேலும் கொஞ்சம் வந்தது. அதை மறைக்கவும் எனக்குத் தெம்பில்லை. லோறன்ஸ் ஈஸ்ட் நிலையம் வந்தது, நான் இறங்க வேண்டும். அவர் இன்னும் கிழக்கே போக வேண்டும்.

"உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்கோ அண்ணை. என்னை பஸ்ஸில கண்டனீங்கள் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." பெயர்களையும் இடங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோர இருக்கை. ஒன்ராறியோ ஏரி வலப்பக்கம் தெரிந்தும் மறைந்தும் வந்தது. ரொறன்ரோவில் எங்களுக்கு எல்லாம் இருக்கிறது: கடை, கோயில், வானொலி, மண்டபம். மொன்றியலில் நாங்கள் கொஞ்சப் பேர். பிரெஞ்சு தெரியாமல் மொத்தமாகக் கூனிக்குறுகி நிற்பதில் கரை பார்க்க நேரமில்லை. ஆட்கள் பெருகினால் நாங்களும் அப்படித்தான் வரிசை பிரிந்து இருப்போம் என்று நினைக்க அலுப்பாக இருந்தது.

ஒன்றியத்துக்குக் கொடுக்கும் அறிக்கையை வழியிலேயே எழுதி முடித்தேன். என் கண்ணால் கண்டது மட்டும். தெரிவு கை உயர்த்தி நடந்தது. எண்ணியவர்கள் யார் உயர்த்தவில்லை என்று பார்க்கும் இடத்தில் நின்றார்கள். கீழ்க்கரையிலிருந்து ஒரு பெயரும் முன்மொழியப்படவில்லை. இரகசிய வாக்கெடுப்பு வைத்து அதிலும் சம்மதம் கிடைத்தால் விலக்கைப் பற்றி யோசிக்கலாம், இப்போது கூடாது. யாரும் சொன்னதாக ஒரு சொல்கூட அதில் இல்லை.

புதன்கிழமை பேக்கரிக்கு சிவஞானம் அண்ணையின் தொலைபேசி வந்தது. மாவுக் கையோடு எடுத்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. குரல் மிகவும் களைத்திருந்தது.

"வாசிச்சன் தம்பி. ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. நான் பாத்ததைத்தான் எழுதினனான்."

"அது கிடக்கட்டும். அந்த நாலு வீட்டில எந்த வீடு?"

"அண்ணை, நீங்கள் இப்ப கேட்ட கேள்விக்குத்தான் அந்த விதி இருக்கு."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

விலக்குக் கிடைக்கவில்லை. யோகேஸ்வரியின் தம்பி பெயர் எத்தனையாவதாக வந்தது, வந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. விசாரித்தால் அவரை எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.