மாப்பிள்ளையின் வலது சக்கரம்

அந்தச் சின்ன விமானத் தளத்தின் மெக்கானிக்குக்கு இரும்போடு பேசத்தான் பிடிக்கும். முரண்டு பிடிக்கும் போல்ட்டைத் திட்டுவார், எஞ்சினைக் கொஞ்சுவார். மனிதர்களிடம் மட்டும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார்.

மாப்பிள்ளையிடம் கேட்கவே வேண்டாம். அவன் அதே தளத்தில் தபால் விமானம் ஓட்டும் பைலட். விமானத்தில் என்னென்ன உடையும் என்று தெரிந்தவர் பறக்கிறவனுக்குப் பெண் கொடுப்பாரா? முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். மகள் இரண்டு காலிலும் நின்றாள், ஜெயித்துவிட்டாள். அன்றிலிருந்து ஆறு வருடமாக, "வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை"தான். மற்றதெல்லாம் மகள் வழியாகப் போகும், மகள் வழியாகவே திரும்பி வரும். மரியாதை கொடுத்தே ஒருவனை வாசலோடு நிறுத்திவைக்கும் வித்தையை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு மத்தியானம் டவரிலிருந்து அவரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். தபாலோடு தனியாகத் திரும்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு வலது சக்கரம் இறங்கவில்லை. இறங்கிய மற்ற இரண்டும் உள்ளே போகவும் மாட்டேன் என்கின்றன. மெக்கானிக் படியேறி ஓடி, அங்கே விமானங்களோடு பேசும் பெண்மணியிடம் மைக்கை வாங்கினார். சக்கரத்தைக் கையாலேயே இறக்கும் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். சுற்றியாகிவிட்டது. விமானத்தை மேலும் கீழுமாக உதறச் சொன்னார். அதுவும் ஆகிவிட்டது. இன்னும் பத்து நிமிஷத்துக்குத்தான் எரிபொருள். காலையில் அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துச் சரி என்றது அவர் கைதான்.

இடது சக்கரத்தில் இறங்கி, வலது இறக்கையை முடிந்தவரை தூக்கியே பிடிக்க வேண்டும், தரை தொடுமுன் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்றார்.

"இறக்கை போயிடும் மாமா," என்றான் ரேடியோவில். "நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சது. இன்னொரு சுத்து சுத்தி உதறிப் பாக்கறேன்."

"இறக்கைய நான் செஞ்சுக்குவேன். உன்ன எங்கடா போய்ச் செய்வேன்? எறங்குடா."

இறங்கினான். கொஞ்ச தூரம் நேராக ஓடிய விமானம், வேகம் குறைந்ததும் வலப்பக்கம் சரிந்தது. இறக்கை தரையில் தேய்ந்து பொறி பறந்தது. அரைவட்டம் அடித்துப் புல்லில் போய் நின்றது. தீப்பிடிக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சக்கரத்தின் பூட்டு உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு உடைந்திருந்ததாம், யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காதாம். அதெல்லாம் பிறகு வந்த சேதி.

அவர் மூச்சிரைக்க ஓடிச் சேர்ந்தபோது மாப்பிள்ளை புல்லில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. மாமனாருக்கு அப்போதுதான் தான் பேசிய பேச்சு உறைத்தது.

"அடி எதுவும் படலையே மாப்பிள்ளை?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எறங்கினதும் மறுபடி மாப்பிள்ளையா?" என்றான் அவன். "அப்ப நான் திரும்ப மேலயே போயிடறேன் மாமா."

சிரிக்கப் போனவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, தோளில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து அவன் மடியில் போட்டார்.

"உதட்டுல ரத்தம்டா. தொடச்சுக்கோ."