இரண்டு குரூப்பில் ஒருத்தி

பத்தாம் வகுப்பில் நான் வாங்கியது தொல்லை பிடித்த மதிப்பெண். ஃபர்ஸ்ட் குரூப்புக்குக் கொஞ்சம் போதாது, மற்றதற்கெல்லாம் கொஞ்சம் அதிகம். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஜூன் மாதம், பெரம்பலூரில் எங்கள் மேல்நிலைப் பள்ளி வராந்தாவில் அப்பாவும் நானும் வரிசையில் நின்றோம். சுவரில் ஒட்டியிருந்த தாளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப். வரலாறும் வணிகவியலும் சேர்ந்தது இன்னொன்று. கடைசியில் தொழிற்கல்வி என்று போட்டு வேளாண்மை, தையல் என இரண்டு. அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. "எல்லாம் படிப்புதானே, அதுல எதுக்கு இத்தன பிரிவு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஊரே தயாராக இருந்தது. எங்கள் ஊரான குன்னத்துக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா, ஃபர்ஸ்ட் குரூப் எடுக்காதவள் படிக்காமலே இருக்கலாம் என்றாள். அதே பஸ்ஸின் கண்டக்டர், டீச்சர் டிரெயினிங்குக்குத் தொழிற்கல்விதான் சுலபமான வழி என்றார். தலைமை ஆசிரியர் மட்டும்தான் முடிவாக ஏதோ சொன்னார். "இப்ப வேளாண்மையில போடுறேன்மா. ஃபர்ஸ்ட் குரூப்புல எடம் காலியானா மாத்திக்கலாம்." அதிலும் முடிவு இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஒரு வாரத்தில் இடம் காலியானது. ஃபர்ஸ்ட் குரூப்பின் வகுப்பாசிரியை கெமிஸ்ட்ரி டீச்சர். அவர் தன் வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயராக என்னைப் பென்சிலில் எழுதிக்கொண்டு, "ஆபீஸ்ல சொல்லி மாத்திக்க" என்றார். ஆபீசுக்குப் போனேன். நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். மூன்றாம் நாள் நான் போகவில்லை. பயந்துதான் போகவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிப் பொய். எதை விட்டாலும் தப்பாகிவிடுமோ என்று இருந்தது. விடாமல் இருப்பதுதான் எனக்குச் சௌகரியம்.

இப்படியாக ஒரே பெண்ணின் பெயர் இரண்டு பதிவேடுகளில் ஏறியது. காலையில் ஃபர்ஸ்ட் குரூப்பில் எழுபது பேருக்கு நடுவே கடைசி பெஞ்சில் உட்காருவேன். சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்குப் பின்னால் இருந்த வேளாண்மைப் பாத்திக்கு ஓடுவேன். வேளாண்மை சார் அங்கே வேப்பமரத்தடியில்தான் வருகை எடுப்பார், காலைக்கும் சேர்த்தே போட்டுவிடுவார். மதியக் கணக்கு வகுப்பில் நான் இல்லாததை யாரும் கேட்கவில்லை. ஒரு கூட்டம் லேபில் இருக்கும், ஒரு கூட்டம் வகுப்பில் இருக்கும், நான் அந்தக் கூட்டம் என்று இந்தக் கூட்டம் நினைத்துக்கொள்ளும்.

வீட்டில் உண்மையைத்தான் சொன்னேன். "ரெண்டுலயும் பேரு இருக்குப்பா." அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் குன்னம் டீக்கடையில் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது. எம் புள்ள நல்லாப் படிக்குதுன்னு அதுக்கு மட்டும் ரெண்டு படிப்பு குடுத்திருக்காங்க என்று அப்பா சொல்லியிருக்கிறார். வெங்காயக் காட்டில் கூலிக்குப் போகும் அம்மாவிடம் அத்தனை பெண்களும் விசாரித்தார்கள். அப்பாவைத் திருத்த நான் இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

தலைக்குள் எல்லாம் கலந்துபோனது. காலையில் ஊசலின் அலைவுகளை எண்ணுவேன், மதியம் சின்ன வெங்காயத்துக்கு ஸ்கேல் வைத்து இடைவெளி அளப்பேன். எங்கள் அம்மா கண்ணளவில் ஊன்றுவதை இங்கே அளந்து ஊன்றி, அளந்ததை நோட்டில் வேறு எழுத வேண்டும். இரவு படிக்க உட்கார்ந்தால் எந்த நோட்டை எடுப்பது என்பதிலேயே தூக்கம் வந்துவிடும்.

ஆகஸ்ட் மாதத் தேர்வில் மாட்டிக்கொண்டேன். கெமிஸ்ட்ரியில் யூரியா பற்றிக் குறிப்பு வரையச் சொல்லியிருந்தார்கள். மண்ணில் ஈரம் இருக்கும்போது போட வேண்டும், இலைமேல் விழுந்தால் கருகும், வேப்பம் புண்ணாக்கோடு கலந்து போட்டால் வீணாகாது என்று ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு நாள் கழித்து வேளாண்மைத் தேர்வு. அதிலும் யூரியா வந்தது. ஏமாறக் கூடாது என்று இந்த முறை மூலக்கூறு வாய்பாட்டைப் போட்டு, கார்பன், நைட்ரஜன் எல்லாம் கோடு இழுத்துப் படம் வரைந்தேன். ஆசிரியர் அறையில் கெமிஸ்ட்ரி டீச்சருக்கும் வேளாண்மை சாருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. "இங்க பாருங்க சார் ஒரு கூத்த" என்று டீச்சர் என் தாளை நீட்ட, சார் தன் விடைத்தாள் கட்டிலிருந்து என்னுடைய இன்னொரு தாளை உருவியிருக்கிறார்.

இரண்டு பேரும் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை, சிரித்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. பரீட்சை போர்டுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் ஏதாவது ஒன்றைச் சொல் என்று திங்கட்கிழமைவரை நேரம் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில், "ஒண்ணுலேர்ந்து பேர எடுக்கப் போறாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை என்னைத் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். போனால் உள்ளே அப்பா நிற்கிறார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

"எம் புள்ள ரெண்டு படிப்பு படிச்சிக்கிட்டு இருந்துச்சுங்க சார். ஒண்ணப் புடுங்கறாங்கன்னு சொல்லுது. அது என்ன தப்பு பண்ணுச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேங்க."

தலைமை ஆசிரியர் பொறுமையாகச் சொன்னார். தப்பு ஒன்றும் இல்லை, ஒரு பிள்ளை ஒன்றில்தான் பரீட்சை எழுத முடியும், அதுதான் சட்டம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா, எது வேணும்?"

"எனக்குத் தெரியல சார்."

"அதுக்குத்தாங்க சார், ரெண்டையும் குடுங்கங்கறேன்" என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவே மறுபடி கேட்டார்: "எதுல சார் புள்ளைங்க கம்மி?" வேளாண்மையில் பதினெட்டுப் பேர் என்றார் தலைமை ஆசிரியர். "அப்ப அதுலயே போடுங்க. கூட்டத்துல எம் புள்ள நின்னா யாருக்குத் தெரியும்?" என் பெயர் வேளாண்மையில் நிலைத்தது இப்படித்தான். சரியா தப்பா என்று யோசித்தால் இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்தோம். பாதி வழியில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "வுடு பாப்பா. ஒண்ணுல பெயிலானா என்ன, இன்னொண்ணுல பாஸாயிட்ட இல்ல."

இரண்டு படிப்பு கொடுக்கப்பட்ட பிள்ளை ஒன்றில் தோற்றுப்போவது அவருக்குப் புரிந்தது, பொறுத்துக்கொள்ளவும் முடிந்தது. படிப்பே இரண்டாகக் கொடுக்கப்படவில்லை என்பதை எப்படிச் சொல்வேன்?

"ஆமாம்பா, ஃபர்ஸ்ட் குரூப்புல பெயிலாயிட்டேன்" என்றேன்.