சிவப்பு, நின்ற காது, சுருண்ட வால்

குரைக்காத நாய் ஊமை என்று நான் நம்பினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்த ஊமைக்கு என்னிடம் வைத்தியம் இருக்கிறது என்றும் நம்பினேன். குச்சியில் பஞ்சைச் சுற்றி, தொண்டைப் புண்ணுக்குத் தடவும் மருந்தில் தோய்த்து, ஒரு நாயின் வாயைப் பிளக்கப் பார்த்த கம்பவுண்டர் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு மருந்துக் கொட்டகையில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார், காபி கேட்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நானே டாக்டர், நானே நர்ஸ், நானே கூட்டிப் பெருக்குகிறவன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலை வீங்கியிருந்தது. என் வீக்கத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். கோடரி பட்டுக் கால் பிளந்த அவள் புருஷனுக்கு நான் இருபது நாள் கட்டுப் போட்டேன். கால் ஆறியதும் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செம்மண் நிறம். காது இரண்டும் விறைத்து நின்றன. வால் முதுகின் மேல் சுருண்டு கிடந்தது. அவள் வீட்டு நாய் போட்ட பெட்டை அது.

"தனியா கீறீங்களே, காவலுக்கு வச்சுக்கங்க, ஊசிக்காரரே" என்றாள்.

"இது ஏம்மா சத்தமே போடல?"

"இதுங்க கொலைக்காது. எப்பனா ஊளை வுடும், அவ்ளோதான். கட்டிப் போடாதீங்க. சோப்பு போட்டுக் குளிப்பாட்டாதீங்க, பூனை மாதிரி அதுவே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும். சாமைக் களி ஒரு உருண்டை போட்டா போதும், மிச்சத்துக்கு எலி புடிச்சுக்கும். வருசத்துக்கு ஒரு தரந்தான் குட்டி போடும். அப்ப மண்ணத் தோண்டிக்கினு உள்ள பூடும். அந்த நேரத்துல மட்டும் கிட்ட போவாதீங்க."

மொத்தமே இவ்வளவுதான். ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். போன மாதம் கீழே இருந்து ஒரு பெரிய மனிதர் என்னைத் தேடி வந்தார். அந்த மலை நாய் ஆதி காலத்து ஜாதியாம், ரொம்ப அபூர்வமாம், அதை எப்படி வளர்ப்பது, என்ன தீனி போடுவது என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டார். ஏன் அபூர்வமாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த எரிச்சலில் அவருக்கு நான் காபி கூடக் கொடுக்கவில்லை.

சரி, நான் வளர்த்த லட்சணத்துக்கு வருகிறேன். அவள் சொன்னது ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்தேன். கழுத்தில் கயிறு போட்டேன். குழந்தைகளுக்கென்று வந்த பால்பவுடரைக் கரைத்து ஊற்றினேன், அதற்கு மூன்று நாள் வயிற்றால் போனது. கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன், அது என்னைப் பார்த்த பார்வையை என் மாமியார்கூடப் பார்த்ததில்லை.

"அது இன்னா உங்க வூட்டு மாப்பிள்ளையா, பாலு பவுடருன்னு உபசாரம் பண்றீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. மாத்திரைக்கும் மிக்சருக்கும் வித்தியாசம் தெரியாதவள் எனக்குப் பாடம் சொல்வதா?

மழை நின்று பனி இறங்கிய நாட்களில் நாய் கொஞ்சம் சதை போட்டது. பால்பவுடர் உடம்பில் ஒட்டிவிட்டது என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் கயிறு கடித்து அறுக்கப்பட்டுக் கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் சரிவில், பலா மரத்து வேர்களுக்கு அடியில், அது மண்ணைப் பறித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு முனகல், இழுத்து இழுத்து, பாட்டுக்கும் அழுகைக்கும் நடுவில். சோறு தொடவில்லை. ஒரு பேசினில் தண்ணீர் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

இருட்டைத் தேடுகிறது, சோறு இல்லை, குரல் மாறிவிட்டது, தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிறது. நான் பரீட்சைக்கு உருப்போட்ட பாடம் வரி வரியாக முன்னால் வந்து நின்றது. பேசினை அன்று காலையில்தான் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தேன் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அப்போதாவது சும்மா இருந்தேனா? ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் தோள்வரை நீட்டினேன். கடித்தது. கடித்தது என்று சொல்வதுகூடப் பொய். பல் பட்டுத் தோல் கீறியது. முள்வேலி இதைவிட அதிகம் செய்யும்.

நான் போட்ட கூச்சலில் வழியோடு போனவள் ஓடி வந்தாள். அதே பெண். குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"குட்டி போடப் போவுது ஊசிக்காரரே. அப்பவே சொன்னேன் இல்ல? உட்டுடுங்க. பதினைஞ்சு நாள்ல அதுவே வெளிய வரும்."

"உனக்கு இன்னா தெரியும்? வெறி! வெறி புடிச்சுடுச்சு! நான் செத்தேன்!"

"வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதக் கொல்ல ஆளு கீளு கூப்புட்டுடாதீங்க, உங்க கால்ல வுழறேன்."

உண்மையாகவே குனிந்தாள். நான் அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். இந்த இடத்தை எழுதும்போது மட்டும் எனக்கு வேடிக்கை பேச வாய் எழவில்லை.

மரம் வெட்டும் கூப்பு கான்ட்ராக்டரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. ஜீப்பும் இருந்தது. அவர் காட்டுக்குள் போயிருந்தார். ஜீப் கீழே இறங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவருடைய மேஸ்திரி என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார், பேயடிச்சாப்புல கீறீங்க?" என்றான். நான் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினேன். "வெறிநோய் கண்ட நாய் இப்பகுதியில் உள்ளது. சிவப்பு நிறம், நின்ற காது, சுருண்ட வால். உடனே சுடவும்." கையெழுத்துப் போட்டேன். உயிர் போகிறது என்று ஓடி வந்தவன், சட்டைப் பையில் ரப்பர் ஸ்டாம்பை மறக்காமல் போட்டு வந்திருக்கிறேன். அதையும் வாயால் ஊதி ஈரமாக்கி அழுத்தினேன். நாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதவில்லை. அந்த மலையில் சிவப்பாக இல்லாத, காது நிற்காத, வால் சுருளாத நாயை நான் பார்த்ததே கிடையாது என்பதும் தோன்றவில்லை.

சீட்டை மேஸ்திரி கையில் திணித்துவிட்டு, அந்த ஜீப்பிலேயே தொற்றிக்கொண்டு ஆலங்காயம் வந்து, பஸ் பிடித்து, வாணியம்பாடியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, நாளுக்கு ஒன்று. மச்சான் வீட்டுத் தாழ்வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். தாகம் எடுத்தால் தம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எனக்குத் தண்ணீர் பயம் வந்துவிட்டதா என்று சோதித்துவிட்டுத்தான் குடிப்பேன். ஒருமுறை என்னை அறியாமல் ஒரு ஏப்பம் வந்தது. குரைத்துவிட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

ஊசி போட்ட பாய் வயதில் மூத்தவர். "இன்னா கம்பவுண்டர் சாப், ஊருக்கெல்லாம் குத்தறீங்க, உங்களுக்குக் குத்தினா கண்ணை மூடிக்கிறீங்க?" என்று சிரித்தவர், நாலாம் நாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நாய் உயிரோட கீதா?"

"இருக்காது பாய். சுடச் சொல்லிட்டு வந்தேன்."

"அட, பத்து நாள் கட்டிவச்சுப் பாக்க வேணாவா? பத்து நாள் தாண்டிச்சுன்னா வெறி இல்லன்னு அர்த்தம். இது உங்களுக்கே தெரியுமே?"

தெரியும். நானே அதைக் கண்டவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றே பஸ் ஏறியிருக்கலாம். ஆலங்காயத்துக்காரர் யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். இன்னும் பத்து ஊசி பாக்கி இருக்கிறது, உயிர் பெரிது என்று படுத்துக்கொண்டேன். பயந்தவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம் தெளிந்த பிறகும் படுத்துக் கிடந்தானே, அவனை இன்றைக்கும் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

பதினைந்தாம் நாள் மலையேறினேன். கொட்டகை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். ஊசிக்காரரே என்று கூப்பிடவில்லை.

"வந்துட்டீங்களா? பொழைச்சுட்டீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"கான்ட்ராக்டரு உங்க கொட்டாய்க்குத்தான் மொதல்ல வந்தாரு. அறுந்த கயித்தப் பாத்தாரு. ஓடிப் பூடுச்சுன்னு ஊருக்குள்ள பூந்துட்டாரு. அது இல்லீங்க, இது இல்லீங்கன்னு பின்னாலயே ஓடினேன். உங்க சீட்ட மூஞ்சிக்கு நேரா ஆட்டினாரு. 'சீல் கீது பாரு, படிக்கத் தெரியுமா உனக்கு?'ன்னாரு. எங்க வூட்டு நாயி வாசல்ல படுத்துக்கினு இருந்துச்சு. எழுந்திருக்கக்கூட இல்ல."

"குழியில கீறது உங்களுக்குத் தெரியுமே, சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டேன், ஐயா. அதையும் கேட்டேன்.

"குட்டி போட்டுக்கினு கீறத காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். அதன்பிறகு காய்ச்சலுக்குக்கூட அந்த ஊரிலிருந்து யாரும் என்னிடம் வரவில்லை. இரண்டு மாதத்தில் நான் மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

என் நாய்க்கு வெறி பிடிக்கவில்லை. பலா மரத்து வேருக்கு அடியில் நாலு குட்டி போட்டிருந்தது. வெளியே தலை காட்டாததால் தப்பித்தது. என் சீட்டைக் காட்டி மூன்று ஊர்களில் ஒன்பது நாய்களைச் சுட்டிருந்தார்கள். அந்த ஒன்பதில் ஒன்றுக்கும் நோய் இல்லை.