நூறு மைலுக்குக் கீழே

விரல்கள் பிரேக் டிரம்மின் உள்பக்கத்தைச் சுற்றி வருகின்றன. வலது கையின் மூன்று விரல்கள் மட்டும். ஒரு சுற்று முடிந்ததும் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு சுற்று. அப்புறம் கை மூக்குக்குப் போகிறது. பிரேக் எண்ணெய். அது இருக்கவேண்டிய இடம் குழாய்.

"கசிஞ்சிருக்கு," என்றார் ஆர்டிஸ் பிலார்ஸ்கி. "நாலு சக்கரத்துலயும்."

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹேசல் பார்க்கில், எங்கள் தெருக்கோடியில் ஆர்டிஸின் பட்டறை இருக்கிறது. பழைய கார்களுக்குப் பிரேக் வேலை மட்டும் பார்ப்பார். இன்ஜினைப் பற்றிக் கேட்டால், "ஓட வைக்கறதுக்கு ஊர்ல ஆள் இருக்கு, அங்க போங்க" என்பார். தானே ஓட்டி, தன் காலால் மிதித்து நிறுத்திப் பார்க்காத வண்டியை அவர் உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதில்லை. இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் இல்லை.

அன்று ஜாக்கி மீது நின்றது அறுபத்தொன்பதாம் வருடத்து டாட்ஜ் சூப்பர் பீ. நீல நிறம். பின்பக்கத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை, அதில் ஒரு தேனீ. முன்னால் இருந்த இன்ஜின் ஒரு லாரியை இழுக்கப் போதுமானது. அந்த இன்ஜினோடு விற்ற கார்கள் குறைவு. அவற்றிலும் பலவற்றை வாங்கியவர்கள் மரங்களில் மோதித் தீர்த்துவிட்டார்கள். இது எதிலும் மோதவில்லை. எங்கும் போகவும் இல்லை. மைல் மீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு என்று காட்டியது.

சொந்தக்காரர் லோவெல் ஹாலன்பெக், வீடுகளுக்கு ஹீட்டர் பொருத்தும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடத்துக்கு முன்பு வடக்கே ஏரிக்கரையில் இருந்த தங்கள் குடிலை விற்று இந்தக் காரை வாங்கினார். "இது ரெண்டு குடிலாத் திரும்பி வரும்" என்று மனைவி வெர்னாவிடம் சொன்னார். காரேஜில் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, உள்ளே காற்று ஓட விசிறி வைத்து, காரை அதில் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஓட்டியதில்லை.

இப்போது அந்தக் குடிலே மறுபடியும் விலைக்கு வந்திருந்தது. வெர்னா இரண்டு வேண்டாம் என்றார். அந்த ஒன்று போதும் என்றார். அடுத்த வாரம் இந்தியானாவில் ஏலம். அங்கே கார் சொந்த பலத்தில் மேடையேறி நிற்க வேண்டும். நூறு மைலுக்குக் கீழே ஓடியிருந்தால் அது ஓர் அபூர்வப் பொருள், குடில் வாங்கலாம். நூறைத் தாண்டிவிட்டால் அது ஒரு கார்.

"எண்ணெய் கடைசியா எப்போ மாத்தினீங்க?" என்று ஆர்டிஸ் கேட்டார்.

"மாத்தலையே. கம்பெனியில ஊத்தின எண்ணெய் அது. ஒரிஜினல்."

"அந்த ஒரிஜினல்தான் ரப்பரை எல்லாம் தின்னுருக்கு."

"டயர்ல இருக்கற காத்துகூடக் கம்பெனிக் காத்துதான்," என்றார் லோவெல். குரலில் பெருமை இருந்தது.

ஆர்டிஸ் விரல்களைத் துணியில் துடைத்தார். "உங்ககிட்ட யாரோ காத்தை வித்திருக்காங்க, லோவெல்."

குழாய்கள், ரப்பர்கள், டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனர்கள் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அதில் சிக்கல் இல்லை. புது லைனர் டிரம்மோடு உரசி உரசிப் பழக வேண்டும் என்பதுதான் சிக்கல். பழகாத பிரேக்கை மிதித்தால் வண்டி நேராக நிற்காது. எந்தப் பக்கம் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

"பழகறதுக்கு எவ்வளவு ஓட்டணும்?"

"முப்பது மைலாவது."

லோவெல் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "ரெண்டு மைலுக்கும் கம்மியாத்தானே பாக்கி இருக்கு."

"தெரியுது."

"மீட்டர் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டினா?"

"அதுக்குப் பேரு மோசடி. அப்புறம் வெர்னா குடில்ல இருப்பாங்க, நீங்க வேற எடத்துல இருப்பீங்க."

"சரி, ஓட்டாமலே குடுத்துடுங்க. மேடையில போய் நிக்கறதுக்கு எவ்வளவு பிரேக் வேணும்?"

"மேடைக்கு முன்னாடி நாற்காலி போட்டு ஜனங்க உக்காந்திருப்பாங்க இல்ல? அவங்களைக் கேட்டுட்டு வாங்க."

லோவெல் கேட்கப் போகவில்லை. ஆர்டிஸ் காபியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வெளியே நின்றார். அங்கே அவருடைய சொந்த வண்டி நின்றது. அதே வருடத்து டாட்ஜ் கோரோனெட், நாலு கதவு, முன்பு போலீஸ் வண்டி. ஒரு கதவு மட்டும் வேறு நிறம். மளிகை வாங்க, நாயைக் கூட்டிப்போக, பனியில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை இழுக்க எல்லாம் அதுதான். சூப்பர் பீயும் அதுவும் உடம்பால் ஒரே கார். போலீஸ் வண்டி என்பதால் டிரம்களும் ஒரே அளவு.

காபி முடிந்ததும் உள்ளே வந்தார். "உங்க டிரம்மு, புது லைனரு, ரெண்டையும் ஜோடி மாறாம என் வண்டியில போடறேன். அதுல பழக்கிட்டுத் திரும்ப இதுல மாட்டிடலாம்."

லோவெல் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அப்போ பிரேக் முப்பது மைல் ஓடியிருக்கும். கார் ஓடியிருக்காது."

"ஆமா. வாங்கறவங்ககிட்ட அதைச் சொல்லிடணும்."

"அவங்க கேக்கமாட்டாங்களே."

"கேக்காட்டியும் சொல்லணும். பழைய எண்ணெயையும் பாட்டில்ல புடிச்சு வெக்கறேன். ஒரிஜினல்தானே, குடுத்துடுங்க."

லோவெல் கை கொடுக்கிறேன் என்று எழுந்து, நீண்ட பிடி போட்ட ஸ்பானரை எடுத்து, தன் காரின் இடது முன்சக்கர நட்டில் மாட்டி முழு பலத்தோடு தள்ளினார். நட்டு அசையவில்லை. உடம்பையும் போட்டுத் தள்ளினார்.

"இடது பக்கம் தலைகீழ் மரை," என்றார் ஆர்டிஸ், திரும்பிப் பார்க்காமலேயே. "நீங்க இறுக்கிட்டிருக்கீங்க. இந்த வண்டியெல்லாம் அப்படித்தான். எட்டு வருஷத்துல ஒரு சக்கரம்கூடக் கழட்டினதில்லையா?"

"அவசியம் வரலையே."

ஆர்டிஸ் ஸ்பானரை வாங்கிக்கொண்டு அவரிடம் துணியைக் கொடுத்தார்.

வேலை முடிந்த காலையில் கோரோனெட்டை லோவெல் ஓட்டினார். ஆர்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கடுகுச் சாஸ் ஊற்றிய ஒரு கோனி ஹாட் டாக்கோடு உத்தரவு கொடுத்தார். வுட்வர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே போவது, நாற்பது மைல் வேகத்தில் வரும்போது மிதித்துப் பத்துக்குக் குறைப்பது, நிறுத்தாமல் விட்டுவிடுவது, ஆறவிட்டு மறுபடி மிதிப்பது. நடுத்திட்டு இடைவெளியில் திரும்பி, தெற்கே வரும்போதும் அதையே செய்வது.

"இப்போ மிதிங்க. மெதுவா. மெதுவான்னேன், சட்டையில கடுகு கொட்டிடுச்சு பாருங்க."

"இடது பக்கம் இழுக்குது."

"இழுக்கட்டும். அதுக்குத்தானே வந்திருக்கோம்."

ஒரு சிக்னலில் புது மஸ்டாங் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கினான். "என்ன பெரியவரே, ரெண்டு காரை வெட்டி ஒட்டினீங்களா?"

"இதோட பிரேக்கே உன் காரை விட விலை அதிகம்டா!" என்று லோவெல் கத்தினார்.

விளக்கு பச்சையானது. மஸ்டாங் போய்விட்டது. லோவெல் நாற்பதைத் தொட்டு, மிதித்து, பத்துக்கு இறக்கினார். வண்டி இந்தத் தடவை நேராக இருந்தது. முப்பது மைல் ஆனதும் ஆர்டிஸ் போதும் என்றார். லோவெல் இன்னொரு தடவை வடக்கே போய் வந்தார். பெட்ரோல் காசு அவருடையது.

டிரம்களும் லைனர்களும் சூப்பர் பீக்குத் திரும்பின. கிழட்டு டயர்களை நம்பாமல் ஆர்டிஸ் அதில் கோரோனெட்டின் சக்கரங்களையும், தெருவில் ஓட்டிப் பார்க்கப் பட்டறை வைத்திருந்த நம்பர் பிளேட்டையும் மாட்டி, தெருவில் இறக்கினார். பக்கத்தில் லோவெல். தன் கார் நகரும்போது அவர் அதற்குள் இருப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் மைல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலியான நேர்ச்சாலையில் வேகம் எடுத்ததும் ஆர்டிஸ் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினார். கார் கோடு போட்டதுபோல் நின்றது.

"எவ்வளவு?" என்றார் ஆர்டிஸ்.

"தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு."

"நான் பிரேக்கைக் கேட்டேன்."

"ஓ. நல்லா நின்னுச்சு."

சனிக்கிழமை வெர்னா பிக்கப் வண்டியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். சூப்பர் பீ அதன் பழைய டயர்களோடு வாசலில் தயாராக நின்றது. டிரெய்லரின் சரிவுப் பலகைகள் இறக்கப்பட்டன. லோவெல் அவற்றைப் பார்த்தார். அப்புறம் தன் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். அப்புறம் மறுபடியும் துடைத்தார்.

"ஆர்டிஸ், நீங்களே ஏத்திடுங்களேன்."

"என் வேலை வாசலோட முடிஞ்சது."

"நகரு," என்றார் வெர்னா. "அது என் குடில். நான் ஏத்திக்கறேன்."

"வெர்னா, உனக்கு அது பழக்கமே இல்ல."

"உனக்கு மட்டும் பழக்கமா?" வெர்னா பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பட்டறையின் பிளேட் இன்னும் மாட்டியே இருந்தது. "ஆர்டிஸ், இந்த பிளாக்கை ஒரு சுத்து சுத்தி வந்தா எவ்வளவு ஆகும்?"

"அரை மைல்."

"வெர்னா," என்றார் லோவெல்.

"அங்க மேடைக்கு எவ்வளவு வேணும்?"

"கால் மைல்கூட ஆகாது," என்றார் ஆர்டிஸ். "ஆனா டயர் கிழம். இருபதுக்கு மேல போகாதீங்க. பிரேக்கைத் தயங்காம மிதிங்க. நேராத்தான் நிக்கும்."

வெர்னா கையை நீட்டினார். ஆர்டிஸ் பழைய எண்ணெய் பாட்டிலை லோவெலிடம் கொடுத்தார். பிறகு சாவியைத் துணியில் துடைத்து, வெர்னாவின் கையில் வைத்தார்.