ஸ்டெல்லாவின் சுருதி தப்பவில்லை

என் பழைய பத்திரிகை ஆசிரியர் ஒரு கோழை. என் தப்பை நானே ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் வேறு பத்திரிகையான இதில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஆர்மோனியம் வாசித்தேன். வானொலியில் பேசினேன். அவர் பத்திரிகையில் இசை விமர்சனமும் எழுதினேன்.

செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத் திருவிழாவில், பால்மரம் வெட்டும் ஸ்டெல்லா பாடினாள். அவள் பாடுவது ஐந்து கட்டைச் சுருதியில். முன்னால் பாடியவளுக்கு வைத்த ஆறு கட்டையிலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். மேலே போகமுடியாமல் அவள் குரல் உடைந்தது. என் தப்பு என்று அங்கேயே தெரியும். வாசிக்கத் தெரியாதவன் விமர்சனம் எழுதுகிறான் என்று சிரிப்பார்களே என்ற பயத்தில், "சுருதி சேராத குரல்" என்று எழுதினேன்.

அந்தத் தாளோடு வந்தாள்.

"வானொலித் தேர்வுக்குப் போலாம்னு இருந்தேன் அண்ணே. அன்னைக்குச் சுருதி ரொம்ப மேல இருந்த மாதிரி இருந்திச்சு."

"ஆர்மோனியம் பொய் சொல்லுமா?" என்றேன்.

"அப்ப என் தொண்டைதான்லா," என்று சிரித்தாள்.

தேர்வுக்கு அவள் போகவில்லை. அப்புறம் எங்கேயும் பாடவுமில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஆசிரியரே, அவள் குரலில் குறையில்லை என்று ஏன் போடமாட்டீர்கள்? எனக்குக் கடிதம் வேண்டாம். உங்கள் பத்திரிகையில், எல்லோரும் படிக்க, பதில் சொல்லுங்கள்.