சம்பந்தி வைத்த சொதி

என் மகன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் என்று வந்து இறங்கியது ஒரே ஓர் ஆள்தான். பெண்ணின் அப்பா. தாய்லாந்துக்காரர், பாங்காக்கில் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, இருப்பது ஒரே மகள். அங்கே ஒரு ஹோட்டலில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த என் மகன் அந்தப் பெண்ணை விரும்பி, "இனி நம்ம ஊர்லயே இருந்துக்கிடுதோம்மா" என்று பாளையங்கோட்டைக்கே கூட்டி வந்துவிட்டான். எனக்கு வாயெல்லாம் பல். தூத்துக்குடி விமான நிலையத்தில் ஒற்றைப் பையோடு வெளியே வந்த அந்த மனிதரைப் பார்த்ததும்தான் சுருக்கென்றது. நமக்கு வீட்டில் ஓர் ஆள் கூடுகிறது. இவருக்கு வீடே காலியாகிறதே!

தாலி கட்டியாயிற்று, மேளம் கொட்டியாயிற்று, ஒரு குறையும் இல்லை. வில்லங்கம் மறுநாள் சாப்பாட்டில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு உறவையெல்லாம் உட்காரவைத்துச் சொதி ஊற்ற வேண்டும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வேகவைத்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டு, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்த குழம்பு அது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கும் இஞ்சித் துவையலும். கல்யாணச் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார்கள், மறுவீட்டுச் சொதியை மறக்கமாட்டார்கள். அது சரியில்லை என்று எவராவது பாதியில் இலையை விட்டு எழுந்துவிட்டால் தீர்ந்தது. அந்தப் பெண்ணுக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

வந்திருப்பதோ ஒற்றை ஆள், ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. நாமே கல்யாணச் சமையல் பார்த்த தவசிப்பிள்ளையிடம் சொல்லிச் சமைத்துவிடலாம் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். கல்யாணத்தன்று சாயங்காலம் இது பெரியத்தான் காதுக்குப் போய்விட்டது. பெரியத்தான் என் கணவரின் அண்ணன், குடும்பத்துக்கு மூத்தவர். ஆளுக்கு நாக்கு நீளம், ருசிக்கும் சரி, பேச்சுக்கும் சரி.

"பொண்ணு வீட்டுச் சாப்பாட்ட மாப்பிள்ள வீடே ஆக்கிப் போட்டா அதுக்குப் பேரு மறுவீடா? பேசாம எல்லாரும் அவங்கவங்க வீட்டுல தின்னுட்டுப் போவலாம்லா?" என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டார்.

எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. "ஆமா அத்தான், அவரு பாங்காக்குல இருந்து அண்டா குண்டாவெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கணும். என்ன பேச்சு பேசுதிய?" என்றேன். என் கணவர், "ஏட்டி, பையப் பேசு" என்று கையைப் பிடித்தார். இந்த வீட்டில் பையப் பேசுவதற்கு அவர் ஒருவர் போதும்.

சம்பந்தி எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் வந்தாள். என் மகனிடம் கற்ற தமிழ், அதனால் அச்சு அசல் திருநெல்வேலி.

"அத்த, பெரிய மாமா ஏன் சத்தம் போடுதாங்கன்னு அப்பா கேக்காங்க."

மறைத்து என்ன ஆகப்போகிறது, சொன்னேன். அவள் அப்பாவிடம் அவர்கள் மொழியில் விளக்கினாள். அவர் குறுக்கே ஏதோ கேட்டார், தலையாட்டினார், பிறகு எழுந்து நின்று சட்டைக் கையை மடக்கினார்.

"அப்பாவே சமைக்காங்களாம்."

"ஐயையோ, வேண்டாம்னு சொல்லும்மா! அத்தன பேருக்கு எப்படி?"

அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. "பொண்ணு வீடுன்னா அது நான்தானேன்னு சொல்லுதாங்க, அத்த."

வாங்க என்று நானே அடுக்களைக்கு வழி காட்டினேன்.

அடுக்களைக்குள் வந்ததும் மருமகள் மெதுவாகக் குட்டை உடைத்தாள். அவருக்குச் சமைக்கவே தெரியாதாம். மனைவி போனதிலிருந்து தெருவோரக் கடைகளில்தான் சாப்பாடாம். "அப்பாவோட தங்கச்சி ஃபோன்ல சொல்லித் தருவாங்க" என்றாள். விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன சமைக்கப்போகிறார் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம். தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், இறக்கும்போது எலுமிச்சம்பழம். அட, கிட்டத்தட்ட நம்ம சொதிதான்! பருப்புக்குப் பதில் காளான், இஞ்சிக்குப் பதில் வேறொரு கிழங்கு. மீனை ஊறவைத்து எடுத்த சாறு ஒன்று ஊற்றுவார்களாம். எங்களுடையது சைவ வீடு என்றதும் அதை விட்டுவிட்டு உப்புக்கு மாறிக்கொண்டார். எலுமிச்சைப்புல் எதிர்வீட்டுத் தொட்டியில் கிடைத்தது. அந்தக் கிழங்குக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. மகன் ஃபோனில் தேடி, "யம்மா, இது நம்ம சித்தரத்தைதான் போலிருக்கு" என்றான். டவுனில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தான். நமக்கு அது குழந்தைக்குச் சளி பிடித்தால் உரைத்துக் கொடுக்கிற மருந்து. அவர்கள் பச்சைக் கிழங்காக வெட்டிப் போடுவது. இவன் வாங்கி வந்ததோ சுக்காய்க் காய்ந்தது. "காஞ்சது ரொம்பக் கடுக்கும், கொஞ்சமாப் போடச் சொல்லு" என்று நான் சொல்லத்தான் செய்தேன். ஃபோனில் இருந்த தங்கை கை நிறையப் போடச் சொன்னாள். அண்ணன் யார் பேச்சைக் கேட்பார்?

மறுநாள் காலையில் சோறும் பொரியலும் தவசிப்பிள்ளை பார்த்துக்கொண்டார். சொதி மட்டும் சம்பந்தி கையால். வேர்க்க விறுவிறுக்கக் கிண்டினார். தவசிப்பிள்ளை எதையும் வாயில் வைத்துப் பார்க்காமல் வாசம் பிடித்தே இறக்குகிறவர். பரிமாறுகிற வரை ருசி பார்ப்பது எங்களில் வழக்கமில்லை. அதைப் பார்த்துவிட்டு இவரும் ஒரு சொட்டு நக்கிப் பார்க்கவில்லை. அதுதான் வினையாயிற்று.

இலை போட்டாயிற்று. என் கணவரின் வேட்டியைக் கட்டி, அதன்மேல் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, சம்பந்தி வாளியோடு வந்தார். முதல் இலை பெரியத்தானுக்கு. சோற்றில் ஊற்றிய உடனே வாசம் கிளம்பியது. சொதியாவது ஒன்றாவது, சுத்தமான சளிக் கஷாயம்! பந்தியின் கடைசியில் யாரோ, "ஏலே, மருந்துலா மணக்கு" என்று கிசுகிசுத்தார்கள். நான் அந்தத் திசையைப் பார்த்து முறைத்தேன்.

பெரியத்தான் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றது. மற்றவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். இவர் எழுந்தால் பந்தியே எழுந்துவிடும். மருமகள் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எழுந்தால் கிழித்துவிட வேண்டியதுதான் என்று நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சம்பந்தி நகரவில்லை. குனிந்தபடி, வாளியைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தரத்தையா போட்டிருக்காரு?" என்றார் பெரியத்தான்.

"ஆமா அத்தான்."

அவர் செருமினார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "நல்லதாப் போச்சு. எனக்கு ரெண்டு நாளா நெஞ்சுல சளிலே. இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லு."

பந்தி வெடித்துச் சிரித்தது. "எனக்கும் சளிதான் அண்ணாச்சி!" "இங்கன ஒரு கரண்டி!" என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். ஒரே நாளில் எங்கள் குடும்பம் முழுவதற்கும் சளி பிடித்துவிட்டது. ஒன்றும் புரியாத சம்பந்தி முகமெல்லாம் பூரித்து, வாளியோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். பெரியத்தான் மேல் எனக்குப் பழைய கோபங்கள் நிறைய உண்டு. அன்றைக்கு அத்தனையும் தள்ளுபடி.

எல்லோரும் எழுந்த பிறகு சம்பந்தியை உட்காரவைத்து, நானும் மருமகளும் கூட உட்கார்ந்தோம். சொன்னால் பாவம், வாயில் வைக்க முடியவில்லை. கசப்பு ஒரு பக்கம், உப்பு பற்றாதது ஒரு பக்கம். ஒரு வாய் வைத்ததுமே மருமகள் முகம் சுண்டிவிட்டது. சம்பந்தியும் சாப்பிட்டார். மென்றார். கழுவிவிட்ட மாதிரி வழித்துச் சாப்பிட்ட எதிர்வரிசை இலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் பதறிப்போனேன். "என்னம்மா, எல்லாரும் சிரிச்சாங்கன்னு சங்கடப்படுதாங்களா? ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லும்மா!"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நல்லா இல்லன்னு அப்பாவுக்குத் தெரியும் அத்த. நல்லா இருந்தா யாருன்னாலும் சாப்பிடுவாங்களாம். இதயும் இத்தன பேரு மிச்சம் வைக்காம சாப்பிட்டாங்கல்லா, அதனால இனி என்னைய இங்க விட்டுட்டுப் போறதுக்குப் பயமில்லன்னு சொல்லுதாங்க."