மூன்றாம் தரம் கூப்பிடாதவர்

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டு மணியை மூன்று தரம் அடிக்காதவருக்குக் கதவு திறக்காது. அது அம்மாவின் சட்டம். பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாதாம். தபால்காரர் எங்களைச் செவிடர்கள் என்றே நினைத்திருப்பார். எத்தனையோ பார்சல்கள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கின்றன. நான் அம்மாவை நக்கலடிப்பேன். ஆனால் தனியாக இருக்கும்போது மணி அடித்தால் என் காலும் எழும்பாது.

எல்லாம் என் பூட்டனால், அதாவது அம்மாவின் பாட்டனாரால் வந்தது. மலாயாவில் ரயில் பாதைக்குக் காடு வெட்டிய காலத்தில் மேற்பார்வைக்குப் போனவர். அவரைப் புலி அடித்துவிட்டதென்று யாழ்ப்பாணத்துக்குச் செய்தி வந்தது. உடல் வரவில்லை. தர்ப்பைப்புல்லில் உருவம் செய்து எரித்தார்கள்; அவர் மனைவி, என் பூட்டி, தாலியைக் கழற்றினார். சில வருடங்கள் கழித்து, அவருடைய திவசத்தன்று உச்சிவெயிலில், வாசல் படலையடியில் நின்று யாரோ பூட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. குரல் அவருடையதேதான். வேலி இடுக்கால் பார்த்தால், படலையைப் பிடித்திருந்த கை மட்டும்தான் தெரிந்தது; அதில் இரண்டு விரல்கள் இல்லை. போகும்போது பூட்டனுக்குப் பத்து விரலும் இருந்தன. உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தார்கள். அது கூப்பிடவில்லை. பேய்தான் என்று முடிவாயிற்று.

இரண்டாயிரங்களின் நடுவில், அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அமெரிக்கர் மேற்கே காடு வெட்டிக் குடியேறிய தன் மூதாதையைத் தேடிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு முழுக்க அந்தப் புராணம்தான். கேட்டுக் கேட்டு எனக்கு ரோசம் வந்துவிட்டது. காட்டுக்குப் போனவர் எங்களிடமும் ஒருவர் இருக்கிறாரே என்று மலேசியத் தமிழர் கண்ணில் பட்டால் விசாரிக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளையை விட்டுவிட்டு நிற்கும் ஒரு பெண் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் ஊரும் எங்கள் ஊர்தான். அவரும் ரயில் காட்டில் நின்றவர். புலி அடித்தது கூட வேலை செய்த வேறொருவரையாம். அப்படியானால் ஊருக்குச் செய்திதான் ஆள் மாறி வந்திருக்கிறது என்று நினைத்தேன். கொள்ளுத்தாத்தாவுக்கு மரம் சரிந்து இரண்டு விரல்கள் போயின என்றும் அவள் சொன்னாள். ஊருக்கு ஒரு தடவை போனாரா என்று கேட்டேன்.

“ஆமா, போனாரு. உள்ள ஆளுங்க இருக்கிறது தெரிஞ்சுதாம், வடை சுடுற வாசம் வந்துச்சாம். ரெண்டு தடவ கூப்பிட்டாரு. என்னை வேணாம்னு நெனச்சிட்டாங்கன்னு அப்படியே திரும்பிட்டாரு.”

அது அவருடைய திவசத்துக்குச் சுட்ட வடை. மலாயாவுக்குத் திரும்பிப் போன பிறகுதான் அங்கே கலியாணம் கட்டினாராம்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைப்பேன். பூட்டியின் வெள்ளைச் சேலையை நினைத்து அம்மா அழுதார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இன்னொருக்கால் கூப்பிட்டிருந்தா என்ன?”

அதன் பின் பல நாள் அம்மா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்காமலே எழும்பிப் போய்க் கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பார். எனக்குப் பயமாக இருந்தது.

குளிர்காலத்தில் பூட்டனுடைய திவசம் வந்தது. அம்மாதான் அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். மத்தியானம் மணி அடித்தது. பழக்கதோஷம், நான் அசையாமல் நின்றேன். அம்மா வடைக் கரண்டியோடு ஓடிப்போய் முதல் மணிக்கே கதவைத் திறந்துவிட்டார். அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து இலைக்கு முன்னால் இருத்தினார். குளிர் காற்று வீட்டுக்குள் அடித்தது. நான் கதவைச் சாத்தப் போனேன்.

“சாத்தாதை,” என்றார் அம்மா. “அவர் இன்னும் வரேல்லை.”

அன்று நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டோம்.